கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத பெட்டி

செல்போன் அலறியது!

இசக்கிதுரை பதறி எடுத்தான். கோவில்பட்டியிலிருந்து மாரிசெல்வி. செத்துப்போன அறைத்தோழன் அருள்பாண்டியின் தங்கை.

"எண்ணே... நாலு மணிக்கு விசாரணையாம்லா? எங்கண்ணன் குடிச்சிட்டு வந்து, அவனே சென்சார அணைச்சிட்டு ப்ரெஸ் மெஷின்ல தலைய விட்டான்னு எழுதப் போறாங்களாம்." குரல் உடைந்தது. "அவன் அத மோந்துகூடப் பாத்ததில்லண்ணே!"

"எழுத விடமாட்டேம்மா."

சொல்லிவிட்டான். எப்படி...?

ஒரகடம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பாபுவின் ப்ரவுசிங் சென்டர். மேஜை மேல் ஒரு சோப்பு டப்பா. உள்ளே அருள்பாண்டி கையால் செய்த சர்க்யூட். ஆள் கையோ தலையோ உள்ளே போனால் ப்ரெஸ் மெஷினை நிறுத்தும் பாதுகாப்பு சென்சார் எப்போது அணைகிறது என்று நேரத்தோடு குறித்து வைக்கும். சென்சார் மேல் அவனுக்கு முன்பே சந்தேகம். செத்த அன்றும் அது மெஷினில்தான் ஒட்டியிருந்தது. போலீஸ் அதையும் பட்டியலில் எழுதியது. ஃபாக்டரி ஸ்டோரில் இரண்டு நாள் கிடந்தது. பிறகு, 'வேலை செய்யவில்லை' என்று இசக்கிதுரை கையில் கொடுத்துவிட்டார்கள்.

செருகினான்.

டொய்ங்!

'இந்த யு.எஸ்.பி. கருவியை அடையாளம் தெரியவில்லை.'

"இன்னா தலைவா, ஆறாவது வாட்டி! என் மிஷின்ல கோளாறு இல்லபா," என்றான் பாபு.

"உள்ள துடிப்பு குடுக்குற கிரிஸ்டல் போயிருக்கும். வுட்டுடுப்பா," என்றார் பக்கத்தில் இருந்த நரசிம்மன். ஃபாக்டரியின் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். அருள்பாண்டி செத்ததிலிருந்து பதினோரு நாளாக இசக்கிதுரையோடு டீ குடிக்கிற ஒரே ஆள்.

பிள்ளைப்பாக்கத்தில் ஓர் அறை, ஒரு பாய், இரண்டு ஷிப்ட். நைட் முடிந்து இசக்கிதுரை வரும்போது அருள்பாண்டி வேலைக்குப் போயிருப்பான். பாயில் அவன் சூடு மிச்சமிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முகம் பார்ப்பார்கள். இப்போது பாய் சில்லென்று கிடக்கிறது. அதில் படுக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

கேபிளை மாற்றினான். கிரிஸ்டலையும் மாற்றினான்.

டொய்ங்!

வயர்களைக் குனிந்து பார்த்தான்.

"சார்... பச்சையும் வெள்ளையும் இடம் மாறிக் கெடக்கு!"

"அவசரத்துல மாத்தி வெச்சிருப்பான்."

"சாகுறதுக்கு முந்தின ஞாயிறுதான் எனக்கு ஓட்டிக் காட்டினானே சார்!"

சால்டரிங் அயர்னைச் சுட வைத்தான். இரண்டையும் கழற்றி, மாற்றிப் பற்றவைத்தான். நோட்பேடைத் திறந்து, செருகினான்.

டிங்... டாங்!

திரையில் எழுத்துகள் தானாக ஓடின!

"அய்யய்யோ! யாருமே கீபோர்ட தொடலியே!" பாபு எழுந்தே விட்டான்.

"இத கீபோர்டுன்னு கம்ப்யூட்டர் நம்பிரும். குறிச்சு வச்சத அதுவா அடிக்கும். அப்படித்தான் செஞ்சிருக்கான்."

செத்தவன் அடித்த கடைசி வரி...

'காலை 5.10. சென்சார் ஆஃப்.'

"செத்த அன்னிக்கு ஆறு மணி ஷிப்ட் சார் அவனுக்கு. அஞ்சு பத்துக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு ரோட்டுல நின்னுக்கிட்டு இருந்திருப்பான்."

"அப்போ... யாருப்பா?" நரசிம்மன் டீ கிளாஸைப் பிடித்தபடி கேட்டார்.

"அருளு வச்ச சால்டர் எல்லாம் பளபளன்னு இருக்கு. மாறிக் கெடந்த ரெண்டு மட்டும் சாம்பலா மங்கிப் போயிருந்துச்சு. ஈயமில்லாத சால்டர். எக்ஸ்போர்ட் போர்டுக்குன்னு இந்த வருசம்தான் வந்துது. அந்த ரோல் உங்க அலமாரியிலதான சார் பூட்டியிருக்கு?"

நரசிம்மன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"போலீஸ் லிஸ்ட்ல ஏறிடுச்சு... தூக்கிப் போட முடியல. வயர மாத்திப் பேசாம ஆக்கினேன்." நரசிம்மன் முகத்தைத் துடைத்தார். "நைட் டார்கெட்டுக்காக சென்சார அணைச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன். சாகடிக்கணும்னு நெனைக்கலப்பா!"

"மறந்தீங்க, சரி. குடிகாரன்னு சொன்னது யாரு?"

நரசிம்மன் பார்வை சோப்பு டப்பா மேல் போனது. பதினோரு நாள் டீயும் இதை உளவு பார்க்கத்தான் என்று புரிந்தபோது, இசக்கிதுரைக்கு அழுகை முட்டியது. அந்த ஊரில் இனி அவனுக்கு ஒருவரும் இல்லை.

நரசிம்மன் சட்டென்று பாய்ந்தார். டப்பாவைப் பிடுங்கி, தரையில் அடித்து, பூட்ஸால் மிதித்தார். சர்க்யூட் நொறுங்கியது!

மூலையில் பிரிண்டர் கறகறவென்று இரண்டாவது பிரதியைத் துப்பியது.

"நீ குடுத்த அட்ரஸுக்கு மெயிலும் போயாச்சு. இன்ஸ்பெக்டருக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு," என்றான் பாபு.

இசக்கிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு நரசிம்மனைப் பார்த்தான்.

"மெதுவா சார்! 'சேஃப்லி ரிமூவ்' குடுக்காம எதையும் புடுங்கக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல நீங்கதான சொன்னீங்க?"