செல்லப்பன் பெயரில் ஒரு தலை

திரையில் வந்த முதல் படத்தில் பல் இல்லை.

நர்மதா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வயதானவர்களுக்கு இருப்பதுபோல இரண்டு தாடையும் மழமழவென்று ஒட்டிக் கிடந்தன. உள்ளே படுத்திருப்பதோ அவள் புருஷன் கலைச்செல்வன்; முப்பத்திரண்டு வயது, முழுக் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்கிற ஆள். காலையிலிருந்து ஒற்றை ஆளாக இந்த எம்.ஆர்.ஐ. மெஷினோடு மாரடித்ததில் கண் பூத்துப்போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். பெரம்பலூர்ப் பக்கத்து மருத்துவக் கல்லூரியின் ஸ்கேன் மையம் அது. ஆஸ்பத்திரி நோயாளிகள் முடிந்ததும் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்களின் முறை தொடங்கிவிடும். ஜன்னல் இல்லாத அறை, ஸ்பிரிட் வாடை, மெஷினைக் குளிரவைக்க ஓயாமல் சிக் சிக்கென்று அடித்துக்கொள்ளும் பம்ப். கால் வீங்கி, செருப்பு இறுகியது. வீட்டுக்குப் போய் விழுந்தால் போதும் என்றிருந்தது.

இந்த மாலை படுக்க வேண்டியவர் எறையூர் செல்லப்பன். ஆராய்ச்சிக்காகத் தலையைக் காட்ட ஒப்புக்கொண்ட பெரியவர். போன மாதமும் வந்தார், வாய்க்கு வாய் அவளைத் 'தாயி' என்றார். இன்றைக்கு ஆளைக் காணோம். ஆராய்ச்சி டாக்டரோ போனில், "யார் தலைன்னாலும் பரவாயில்ல நர்மதா, புது செட்டிங் ஓடுதான்னு பாத்தா போதும்," என்று சொல்லிவிட்டார். அவளைக் கூட்டிப்போக வண்டியோடு வந்து வெளியே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கலைச்செல்வனைப் பிடித்து உள்ளே தள்ளினாள். புதுப் பெயர் பதியப் போனால் வயசு, எடை என்று நேரத்தைத் தின்றுவிடும். திறந்து வைத்திருந்த செல்லப்பன் பெயரிலேயே ஓட்டிவிட்டு நாளைக்கு அழித்துக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்?

படுத்திருப்பவர் தன் பெயரைத் தன் வாயால் சொன்ன பிறகுதான் பட்டனைத் தொடுவது அங்கே வழக்கம். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"பேர் சொல்லுங்க."

தலைக்கு மாட்டிய கூண்டுக்குள்ளிருந்து கலைச்செல்வன் கண்ணடித்தான். "செல்லப்பன்."

"போதும் வெளையாட்டு, அசையாம படுங்க," என்று சிரித்தபடியே கதவைச் சாத்தினாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. சுவருக்கு அந்தப்புறம் மெஷின் தடதடவென்று இடிக்க, அடுத்தடுத்த படங்கள் மெதுவாக வந்து நிறைந்தன. மண்டைக்குள் மூளை சுருங்கி, ஓரமெல்லாம் கருப்பு இடைவெளி விட்டிருந்தது. எழுபதைத் தாண்டியவர்களின் மூளை. கை தானாகப் போய்ச் செல்லப்பனின் போன மாதப் படத்தைப் பக்கத்தில் திறந்தது. மடிப்புக்கு மடிப்பு ஒன்றாக இருந்தன.

பழைய படமே திரும்ப வருகிறது, மெஷின் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்புவதற்கு ஆசையாக இருந்தது. மேஜைமேல் போன் அடித்தது.

"மேடம், நான் எறையூர் செல்லப்பன் மக பரிமளா பேசுறேன். அப்பா காலையில தவறிட்டாங்க. இப்பத்தான் எடுத்துட்டுப் போனாங்க." குரல் அழுது வறண்டிருந்தது. "ஸ்கேனுக்குப் போவணும், அந்தப் புள்ள காத்துக்கிட்டிருக்கும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே கெடந்தாங்க. அதான் ஒரு வார்த்த சொல்லிடலாம்னு..."

போனை வைத்தாள். கண்ணாடி வழியே பார்த்தாள். கலைச்செல்வனின் நீலச் சட்டை தெரிந்தது. கால் இரண்டும் அசையாமல் கிடந்தன. இந்த ஒரு ஆளுக்காகத்தான் பிறந்த ஊரான மீன்சுருட்டியையும் பெற்றவர்களையும் விட்டு வந்தாள். அவனை விட்டால் அவளுக்கு நாதியில்லை.

மைக்கை அமுக்கினாள். "ஏங்க, கேக்குதா?"

பம்ப் அடித்துக்கொண்டது. பிறகு ஸ்பீக்கரில் மூச்சு இழுக்கும் சத்தம்.

"கேக்குது தாயி."

நிறுத்தும் பட்டனை அடித்தாள். ஓடினாள். படுக்கையை வெளியே இழுத்துக் கூண்டைக் கழற்றினாள். அவன் முகந்தான். அவன் மீசை, அவன் கண். தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். இடத்தைச் சுற்றிப் பார்த்தான். அவளையும் அப்படியே பார்த்தான், யாரோ ஒரு நர்ஸைப் பார்ப்பதுபோல.

"முடிஞ்சிச்சா தாயி? எறையூருக்கு பஸ் போயிருக்குமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்து வெளியே போனான். கூப்பிட வாயெடுத்தாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?

பின்னால் மெஷின் தடதடத்தது.

யாரும் பட்டனைத் தொடவில்லை. படுக்கை காலி. குழாய்க்குள் வெறும் விளக்கு.

கண்ணாடிக்கு அந்தப்புறம், திரையில், படம் வந்துகொண்டிருந்தது. ஒரு தலை. வாலிப வயசுத் தலை. மூக்கெலும்பு இடப்பக்கம் கோணியிருந்தது. கல்யாணத்தன்று அவள் அண்ணன் அடித்து உடைத்த மூக்கு.

வாய் திறந்திருந்தது.

அடுத்த படத்தில் இன்னும் அகலமாக.