வாசல் என்று ஒரு பெயர்

எக்ஸ்சேஞ்ச் அம்மா வந்து சேர்ந்தபோது, அந்த மூன்று பேரும் கண்ணாடிக் கதவுக்குள் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

நூறு கம்ப்யூட்டர்கள் கூடி ஒரே கணக்கைப் போடும் கூடம் அது. பழுது பார்ப்பதற்காக ஏசியை நிறுத்தியிருந்தார்கள். மெஷின்களின் அனல் ஏறிக்கொண்டே போனது. உள்ளே இருந்தவர்கள் ஆபரேட்டர், அவளுடைய சூப்பர்வைசர், ஏசி மெக்கானிக். மெக்கானிக்குக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு. தரையில் படுத்து வாயால் மூச்சு வாங்கினார். கதவை அறுக்கும் ஆட்கள் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமாம்.

"சார், உங்க பையைக் கொடுங்க, அவர் தலைக்கு வைக்கலாம்" என்றாள் ஆபரேட்டர்.

"உடையிற சாமான் இருக்கும்மா." வேர்த்துக் கொட்டியும் சூப்பர்வைசர் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அவள் தன் துப்பட்டாவைச் சுருட்டி மெக்கானிக்கின் தலைக்கடியில் வைத்தாள்.

வெளியே மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர்தான் எக்ஸ்சேஞ்ச் அம்மாவை வரவழைத்தவர். அம்மா முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்துவிட்டு, இப்போது இப்படிப்பட்ட சிக்கல்களை அவிழ்ப்பவர். கூடவே அவர் கொழுந்தன், கையில் கடப்பாரையோடு.

"அண்ணி, ஒரே போடு. கண்ணாடி தூள்!"

"அது குண்டுக்கே உடையாத கண்ணாடி, தம்பி. சும்மா இருங்க." அம்மா இன்டர்காமை எடுத்தார். "ஆபரேட்டரம்மா, கதவு எப்படித் திறக்கும்? நிதானமா சொல்லுங்க."

ஆபரேட்டர் உள்ளே இருந்த இன்டர்காமை ஸ்பீக்கரில் போட்டாள். "இங்க ஒரு புரோகிராமுக்கு இன்னொண்ணு எந்த மெஷின்ல ஓடுதுன்னு தெரியாதும்மா. அதனால ஒவ்வொண்ணும் தன் பேரையும் முகவரியையும் ஒரு பலகையில எழுதி வைக்கும். தேடுறது அதைப் பார்த்துப் போய்ச் சேரும். கதவுக்கான புரோகிராம் பேரு 'வாசல்'. கார்டு தேய்ச்சாலும் சரி, உள்ள இருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கினாலும் சரி, அந்தப் பேரைத்தான் தேடிப் போகும்."

"எங்க டைரக்டரி மாதிரி. இப்ப பட்டனை அமுக்கினா?"

"மஞ்ச விளக்கு எரியுது. அப்படியே நிக்குது."

"பேரே இல்லைன்னா?"

"சிவப்பு எரியும்."

"அப்போ போன் அடிக்குது, யாரோ எடுத்துட்டுப் பேசாம உக்காந்திருக்காங்க" என்றார் அம்மா.

மேனேஜர் வெளியே இருந்த திரையில் பலகையின் பதிவேட்டைத் திறந்து, இன்டர்காமில் கேட்கும்படி படித்தார். இரண்டே வரிகள். 2:40, வாசல் நீக்கப்பட்டது. 2:41, வாசல் எழுதப்பட்டது. இரண்டுமே ஆபரேட்டரின் பாஸ்வேர்டில்.

ஆபரேட்டர் தன் திரையைத் திரும்பிப் பார்த்தாள். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டி வைத்தது அவள்தான். அதை யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். ஆனால் யார் நம்புவார்கள்?

"நான் இல்லைம்மா. என்னால நேரா அழிக்கவும் முடியாது. எழுதின புரோகிராமை யாராவது நிறுத்தினா, அதுவே தன் பேரை அழிச்சுட்டுப் போகும்."

"நடிக்காதே!" சூப்பர்வைசர் சீறினார். "'பேரு ஏற்கெனவே இருக்கு'ன்னு பலகை முதல் தடவையே தட்டி விட்டுச்சே, அப்பவே கையை எடுத்திருக்க வேண்டாமா? ஆறு வருஷ சர்வீஸ், அறிவு வேண்டாம்?"

வெளியே கொழுந்தன் பல்லைக் கடித்தார். "அண்ணி, பொம்பளைப் பிள்ளையை இந்தப் பேச்சுப் பேசுறான்!"

"பேசட்டும். நல்ல விஷயம்தான் பேசுறார்." அம்மா மேனேஜரிடம் திரும்பினார். "ஒரு பேரை எழுதப் போய்ப் பலகை மறுத்தா, அது பதிவேட்டுல வருமா?"

"வராது. நடந்தது மட்டும்தான் பதிவாகும். மறுப்பு, எழுத முயற்சி பண்ணினவங்க திரையில மட்டும் வரும்."

அம்மா கண்ணாடிக்கு அருகில் வந்தார். "சூப்பர்வைசர் சார், இங்க ரெண்டு வரிதான் இருக்கு. பலகை முதல்ல தட்டி விட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சூப்பர்வைசர் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா இதே வேலை செய்யிற பொண்ணு, பழைய பேரை எடுக்காம புதுசை எழுதப் போக மாட்டா. தெரியாதவர்தான் முட்டிக்கிட்டு, அப்புறம் பழைய புரோகிராமை நிறுத்தியிருக்கார். கண்ணாடி வழியா பார்த்தேனே, கீழே விழுந்து கிடக்கிறவனுக்குக்கூடத் தலையணையாத் தராத பை அது. உள்ள ஒரு லேப்டாப்ல இன்னொரு 'வாசல்' ஓடிக்கிட்டிருக்கு, இல்லையா? அணைச்சு வச்சிருந்தா, யாராவது தொட்டுச் சூட்டைக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு பயப்படாம இறக்கி வச்சிருப்பீங்க."

தரையில் மெக்கானிக்கின் இழுப்பு வேகமானது.

"மச்சினன் புதுசா கதவுப் புரோகிராம் எழுதியிருக்கான்" என்றார் சூப்பர்வைசர், தரையைப் பார்த்தபடி. "அது ஓடுதுன்னு காட்டிட்டா இங்க எடுத்துப்பாங்கன்னு... கூப்பிட்டா எடுக்குது, பதில்தான் சொல்லல. அறுக்கிற ஆளு வந்துட்டா யாருக்கும் தெரியாமப் போயிடும்னு இருந்துட்டேன்."

"இந்த மனுஷன் மூச்சுக்கு அல்லாடுறப்பவா?" ஆபரேட்டர் அவர் முன்னால் போய் நின்றாள். "நாப்பது நிமிஷமா சாவியை மடியிலேயே வச்சுக்கிட்டு!"

அவள் பையை வெடுக்கென்று இழுத்தாள். அவர் தடுக்கவில்லை. லேப்டாப் கொதித்தது. அதில் ஓடிய போலி 'வாசலை' நிறுத்தினாள். தன் மேசைக்கு ஓடிப் பழைய புரோகிராமைக் கிளப்பி, அந்தப் பெயரை மீண்டும் எழுதினாள். விரல் இரண்டு முறை தவறியது. பிறகு சிவப்புப் பட்டனை அமுக்கினாள்.

தாழ் விலகியது. கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடி வந்த கொழுந்தன் மெக்கானிக்கைத் தோளில் தூக்கினார். ஆபரேட்டர் மெக்கானிக்கின் காலைப் பிடித்தபடி வெளியே போனாள். காற்று முகத்தில் பட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"நானும் வரலாமா?" உள்ளேயிருந்து சூப்பர்வைசர் கேட்டார்.

"கதவு திறந்துதானே இருக்கு" என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா.

நடைபாதையில் ஆபீஸ் முழுவதும் கூடி நின்றிருந்தது. சூப்பர்வைசர் எழுந்தார். வாசல்வரை வந்தார். மறுபடி போய் அந்த அனலிலேயே உட்கார்ந்துகொண்டார்.