செம்மணல் தேரியின் ஊற்று

‘ஊற்றைக் காட்டு, ஊற்றைக் காட்டு என்று இவர் என்னைக் கெஞ்சியதெல்லாம் இதற்குத்தானா?’

கொற்கை அரண்மனையில் அரசியின் தோழியாக வளர்ந்த சேந்தநங்கை, படைத்தலைவன் ஆதிச்சனின் கூடாரத்து வாயிலிலேயே நின்றுவிட்டாள். மணநாள் குறிக்க என்று சொல்லித்தான் அவளை அழைத்து வந்திருந்தார்கள். வெளியே அந்தி வெயிலில் செம்மணல் தேரி, அலையடிக்கும்போதே உறைந்துவிட்ட குருதிக்கடலாய்த் தொடுவானம்வரை கிடந்தது. அதற்குள் எங்கோ ஓர் ஊற்று. அதைச் சுற்றி, பாண்டியருக்குப் பணிய மறுத்த அவளுடைய பிறந்த குடி.

வாசகர்களே, தேரிக்குடிப் பெண் தன்னை மணக்கப்போகிறவனை அந்த ஊற்றுக்கு அழைத்துப்போய்த் தன் கையால் நீர் கொடுப்பாள். அன்றுமுதல் அவன் அந்தக் குடியின் மகன். வேறெந்த அந்நியனுக்கும் அந்த வழி தெரியாது.

தரையில் மணலைக் குவித்துப் போர்த்திட்டம் வகுத்துக்கொண்டிருந்த உபதளபதி வீரட்டன் நிமிர்ந்து சிரித்தான்.

“வாருங்கள், தேவி! எங்கள் ஒற்றர்களெல்லாம் மணலைத் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் அங்கே நுங்கும் பதநீருமாய் விருந்து காத்திருக்கிறதாமே? கொடுத்துவைத்தவர்!”

“நாக்கை அடக்கு, வீரட்டா. வெளியே போ” என்றான் ஆதிச்சன்.

வீரட்டன் போனதும் அவன் குரல் தணிந்தது. “நங்கை, இது சிறிய போர்தான். ஊற்றைத் தூர்த்துவிட்டு உடனே திரும்பிவிடுவோம். வாள் உறையை விட்டு வெளியே வராது. ஒரு தலைகூட விழாது.”

“தாகத்தில் விழும் தலைகள் தங்கள் கணக்கில் சேராதோ?”

“அதற்குமுன் பணிந்துவிடுவார்கள். குடியையே கொளுத்தச் சொன்னார் மன்னர். நான் மன்றாடி இந்த அளவில் நிறுத்தினேன். உனக்காகத்தான்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குக் கசந்தது. பொய்யனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். இவனோ அவளுடைய உறவினரின் சாவைச் சிறியதாக்கி, அதையே பரிசம்போல் நீட்டுகிறான். அவள் நன்றி சொல்வாள் என்றும் காத்திருக்கிறான். தன் குடி பணியாது என்பதை அவள் அறிவாள். நா வறண்டு குழந்தைகளோடு மணலில் சாய்வார்களே தவிரப் பணிய மாட்டார்கள்.

“நான் வழி காட்டாவிட்டால்?”

“என் இடத்துக்கு வேறொருவன் வருவான். அவன் உன்னிடம் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டான்.”

“தெரியும்.”

ஆதிச்சன் அவள் கையைப் பற்றினான். அந்தக் கை இப்போதும் அவளுக்குப் பிடித்திருந்தது. “வா, நங்கை. உங்கள் வழக்கப்படியே என்னை அழைத்துப் போ.”

அவள் விரல்களை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“மாட்டேன்” என்றாள், வாயிற்காவலனுக்குக்கூடக் கேட்காத குரலில்.