டூப் போடாத கமிஷனர்

"ஏறுடா உள்ளே!"

காவலர் தள்ளிய வேகத்தில் பந்துவின் தலை ஜீப்பின் மேல்கம்பியில் இடித்தது. சினிமா யூனிட் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. முன்வரிசையில் கமிஷனர்.

நிஜக் கமிஷனர் இல்லை. முப்பது படங்களில் காக்கி மாட்டி, ரவுடிகளைப் புரட்டியெடுத்த நடிகர். 'டூப் போடாத நாயகன்' என்று போஸ்டரிலேயே போடுவார்கள். இன்று மஃப்டியில் வரும் காட்சி; கறுப்புச் சட்டை. நெற்றிப்பொட்டில் பூசிய சினிமா ரத்தம் இன்னும் காயாமல் பிசுபிசுத்தது. கட்டைவிரலால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்து சண்டைக் கோஷ்டியில் ஒருவன். எங்கே எறிந்தாலும் துள்ளி எழுந்துவிடுவதால் அந்தப் பெயர். அவன் உடம்பிலும் அதே மாதிரி ஒரு கறுப்புச் சட்டை.

நடந்தது இதுதான். காலை பதினொன்றரைக்கு, நாலாவது மாடியிலிருந்து கமிஷனர் குதிக்கும் காட்சி. கீழே பின்வாசலை ஒட்டி அட்டைப்பெட்டிக் குவியல், அதன்மேல் மெத்தை. டிரைவர் முதல் டீ கொடுப்பவர் வரை வெளியே வந்து, கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கறுப்புச் சட்டை காற்றில் பறந்தது. குவியலுக்குப் பின்னாலிருந்து கமிஷனர் எழுந்து கையசைத்தபோது விசில் பறந்தது. கதாநாயகியும் கைதட்டிவிட்டுத்தான் தன் அறைக்குப் போனாள். காட்சிக்காகக் கழற்றி வைத்த நிச்சயதார்த்த மோதிரத்தைக் காணோம்.

சோதனை போட்டதில், வெள்ளை வெல்வெட் பையோடு பந்துவின் தோள்பைக்குள் கிடைத்தது. வெல்வெட்டில் சிவப்பாக ஒரு தீற்றல். சண்டைக்காரன் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. கதாநாயகி அழுதபடியே போலீசுக்குப் போன் போட்டாள்.

"ஒரு நிமிஷம்." ஜீப் கதவைச் சாத்தவிடாமல் பிடித்தார் இன்ஸ்பெக்டரம்மா. "குதிக்கிறப்போ நீ எங்க இருந்தே?"

பந்து ஒரு தடவை கமிஷனரைப் பார்த்தான். பிறகு தரையை.

"சும்மாதாம்மா உட்கார்ந்திருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"என்னை யாரும்மா பார்க்கப் போறாங்க?"

அந்த ஒரு பார்வை கமிஷனரின் சட்டைக் காலருக்குள் எறும்பு மாதிரி இறங்கியது.

இன்ஸ்பெக்டரம்மா பந்துவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் புதிதாய் உரிந்திருந்தது. ஓரத்தில் பழுப்பாக அட்டைத் தூள். ஓரமாகப் போய் மேக்கப்மேனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு டைரக்டரிடம் வந்தார்.

"குதிச்சது சார்தானே?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? நூறு பேர் சாட்சி. கேமராவே சாட்சி!" டைரக்டர் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நிழலில்தான் நின்றிருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் உங்க ரசிகர் சார்" என்று இன்ஸ்பெக்டரம்மா கமிஷனர் பக்கம் திரும்பினார். "எங்கேர்ந்து குதிச்சீங்கன்னு பார்த்துட்டுப் போய்ச் சொல்லலைன்னா ராத்திரி எனக்குச் சோறு கிடைக்காது. வாங்களேன், மாடிக்கு."

படிக்கட்டு வாசலில் நின்ற காவலர் கமிஷனரைக் கண்டதும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"யோவ், அவர் நம்ம டிபார்ட்மென்ட் இல்லய்யா!"

கமிஷனர் கூசிப்போனார். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்திருப்பார்.

மொட்டைமாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. இன்ஸ்பெக்டரம்மா கைப்பிடிச் சுவர்வரை நடந்து, கீழே எட்டிப் பார்த்தார். கமிஷனர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்த இடத்துல கால் வெச்சீங்க?"

"அங்கதான்... அந்த ஓரம்."

"வந்து காட்டுங்க சார்."

ஓர் அடி வைத்தார். வானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. கை தானாகப் பின்னால் போய் நிலையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டரம்மா திரும்பி வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"எப்போலேர்ந்து இந்தப் பயம்?"

"சின்ன வயசுலேர்ந்து." அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்போ குதிச்சது அவரு."

ஜீப்பில் உட்கார்ந்திருப்பவனை அவர் 'அவரு' என்றது கமிஷனருக்குச் சுருக்கென்றது. தலையாட்டினார். "டைரக்டருக்கும் கேமராமேனுக்கும்தான் தெரியும். விழுந்ததும் அவன் உருண்டு உள்ள போயிடுவான். நான் எழுந்து கையாட்டுவேன். வெளிய தெரிஞ்சா என் பேரே போயிடும்மா. அதான் அவன் வாயைத் திறக்கலை."

"உங்க பேருக்காக அவரு லாக்கப்புக்குப் போறாரு. சரி, அவரு அந்தரத்துல இருந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

கமிஷனர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"நானே சொல்றேன். யார் கண்ணுலயும் படக்கூடாது. அதனால கட்டடத்துக்குள்ள. எல்லாரும் வெளிய, நீங்க மட்டும் உள்ள." பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த வெல்வெட் பையை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். "இந்தச் சிவப்பு, சினிமா ரத்தம். சண்டைக்காரர் பைக்குள்ள இருந்ததால யாருக்கும் உறுத்தலை. ஆனா மேக்கப்மேன் இன்னிக்கு ரத்தம் பூசினது ஒரே ஒருத்தருக்குத்தான். எழுந்ததும் குளோசப் எடுக்கணுமேன்னு முன்கூட்டியே பூசியிருக்கார். முகமே காட்டாத ஆளுக்கு எதுக்கு சார் ரத்தம்?"

நெற்றிப்பொட்டுக்குப் போன கட்டைவிரல் பாதியில் நின்றது. அதன் ரேகை முழுக்கச் சிவப்பு.

"யூனிட்டை விட்டு அனுப்பிடுவாங்கன்னுதான் அவன் பையில வெச்சேன்... போலீஸ் வரும்னு நினைக்கலை."

"முப்பது படத்துல போலீஸா வந்திருக்கீங்க சார்."

படத்தில் இந்த வசனத்துக்குத் தியேட்டர் அதிர்ந்திருக்கும். கமிஷனருக்குக் காது மடல் எரிந்தது.

"உங்களுக்காக உசிரைக் கொடுத்துக் குதிக்கிற மனுஷன். அவரு அப்படி என்ன பண்ணினாரு உங்களை?"

கமிஷனர் நிலையைப் பிடித்தபடியே சரிந்து படியில் உட்கார்ந்தார்.

"நேத்து என் ரூமுக்கு வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னான். 'அண்ணே, குதிக்கிறது எங்கப்பாதான்னு என் பொண்ணு ஸ்கூல்ல சொல்லிடுச்சு. எல்லாரும் சிரிச்சிட்டாங்களாம். ஒரே ஒரு படத்துல, கடைசியில, சின்ன எழுத்துல என் பேரைப் போடச் சொல்லுங்கண்ணே'ன்னான். பணம் கேட்டிருந்தாக் கொடுத்திருப்பேன்..."

காற்று சற்று அடங்கியபோது, கீழே ஜீப்புக்குள் யாரோ இருமுவது கேட்டது. பந்துதான். குதித்த நாளெல்லாம் சாயங்காலம்வரை இருமுவான்.

இன்ஸ்பெக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வாக்குமூலத் தாளை மடியில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"உங்க வாயாலயே சொல்லுங்க, எழுதிக்கறேன். குதிச்சவர் பேரு?"

கமிஷனர் வாயைத் திறந்தார். "பந்து" என்று வந்தது.

"அது கூப்பிடற பேரு. அவரு பேரு?"

பதினாலு வருஷம். ரயிலிலிருந்து, பாலத்திலிருந்து, கண்ணாடியை உடைத்துக்கொண்டு, எத்தனை முறை. கமிஷனர் மறுபடி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பேனா தாளைத் தொட்டபடி காத்திருந்தது.

"தெரியாதும்மா" என்றார். "நேத்தும் நான் கேட்கலை."