பொட்டு வைத்த நீலப் பெட்டி

காலை 8.10.

பொன்னுரங்கம் நீலப் பெட்டியின் மூடியைத் திறந்தான். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்து, அப்போதுதான் துடைத்திருந்த கண்ணாடி மேசையில் விழுந்தது. பெட்டிக்குள் டிஸ்க் இல்லை.

"காணும்," என்றான்.

2007ஆம் வருடத்து விஜயதசமி, ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரம் மேல வீதியை ஒட்டிய சந்தில், தில்லை கேம் சென்டர். பலகையில்தான் அந்தப் பெயர். அண்ணாமலை நகரிலிருந்து சைக்கிளில் வரும் காலேஜ் பையன்களுக்கு அது 'மச்சான் கடை'. பொன்னுரங்கமும் அவன் மனைவி தமிழ்ச்செல்வியின் அண்ணன் தேவநாதனும் சேர்ந்து நடத்திய கடை. மூன்று வருடத்துக்கு முன் தேவநாதன் தன் பைக்கை விற்றுத்தான் ஷட்டர் போட்டான்.

கடை மேசையோரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் ஜான்சி. கடலூரில் சப்-இன்ஸ்பெக்டர், செல்வியின் பள்ளித் தோழி. லீவு நாள் என்று அங்கே மஞ்சக்குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்துச் சுண்டலுக்காக வந்தவள். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும் என்று அவளே அலுத்துக்கொள்வாள். ஆனால் ஒரு பொருள் காணோம் என்று காதில் விழுந்தால் அவளுக்குச் சுண்டல் இறங்காது.

காணாமல் போனது சாதாரண டிஸ்க் அல்ல. அந்த வருடம் உலகம் பூராவும் நடந்துகொண்டிருந்த ஒரு சண்டை அந்தச் சந்துக்குள்ளும் புகுந்திருந்தது. டிவிடியைவிடப் பல மடங்கு தெளிவாகப் படம் காட்டும் டிஸ்க்குகள் இரண்டு வகை வந்திருந்தன. நீலப் பெட்டியில் வருவது புளூ-ரே. சிவப்புப் பெட்டியில் வருவது எச்.டி. டிவிடி. ஒன்று ஓடும் மெஷினில் மற்றது ஓடாது. பிளேஸ்டேஷன் த்ரீக்கு வயிற்றுக்குள்ளேயே புளூ-ரே. எக்ஸ்பாக்ஸுக்கோ பக்கத்தில் இன்னொரு பெட்டி வாங்கி மாட்டினால்தான் எச்.டி. டிவிடி. எந்த டிஸ்க் தோற்கிறதோ அதை நம்பி வாங்கியவன் பாடு திண்டாட்டம்.

மச்சான் நீலத்தையும் மாப்பிள்ளை சிவப்பையும் பிடித்திருந்தால் கூடக் கதை இப்படித்தான் போயிருக்கும். இங்கே மாப்பிள்ளை பொன்னுரங்கம் நீலம், மச்சான் தேவநாதன் சிவப்பு. ஆறு மாதமாகச் சோற்றில் கை வைத்தாலும் இதே பேச்சு. போன வாரம் பையன்கள் எதிரிலேயே தேவநாதன் வாயை விட்டுவிட்டான்: விஜயதசமி அன்று பத்து மணிக்கு, ஒரே படத்தை ஒரே டிவியில் இரண்டு டிஸ்க்கிலும் போட்டுக் காட்டுவது. பார்க்கிறவர்கள் கை தூக்குவது. தோற்றவன் சாவியைக் கொடுத்துவிட்டு மஞ்சக்குப்பம் போய்த் தனிக் கடை வைத்துக்கொள்வது. விட்ட வார்த்தையை விழுங்க அவனுக்கும் தெரியவில்லை, வேண்டாம் என்று சொல்ல இவனுக்கும் வாய் வரவில்லை.

காலை 8.20.

தேவநாதன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தான்.

"நேத்து ஏழரைக்கு நான்தான் ஷட்டர இழுத்துப் பூட்டனேன். காலைல நான்தான் தொறந்தேன். வேற சாவி கெடையாது. ஊரு யார சொல்லும்? நான் பத்து மணி வரைக்கும்லாம் நிக்கல. இப்பவே கெளம்பறேன்."

"யாரும் உன்ன ஒண்ணும் சொல்லல மச்சான்," என்றான் பொன்னுரங்கம், தரையைப் பார்த்து. "போனா போவுது, வுடு. போட்டியே வாணாம்."

"அது எப்பிடி வுடறது? திருடன்னு பேர் வாங்கிட்டு இங்க குந்தியிருப்பனா?"

செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் தாலி கட்டியவன், ஒரு பக்கம் கூடப் பிறந்தவன். ஜான்சிக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"தேவா அண்ணே, பத்து மணி வரைக்கும் எனக்காக நில்லுங்க," என்றாள். "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க எல்லாரும். டிஸ்க்க கடைசியா யாரு பாத்தது?"

"நான்தான்," என்றான் பொன்னுரங்கம். "நேத்து ஆறரைக்குப் பசங்களுக்குக் காட்டனேன். தொடச்சி உள்ள வெச்சேன். அப்பறம் பொட்டு வெக்கிற வரைக்கும் பெட்டிய கையவுட்டு எறக்கல."

"பொட்டு யாரு வெச்சது?"

"அவங்கவங்க சாமானுக்கு அவங்கவங்க," என்றான் தேவநாதன். "அவன் நீலத்த நான் தொடமாட்டேன். என் செவப்ப அவன் தொடமாட்டான். ஆயுத பூசைலயும் அப்பிடித்தான்."

"பூசை எத்தன மணிக்கு?"

"ஏழு. இவுரு மேல வூட்டுக்குப் போயி கற்பூரம் எடுத்தாந்தப்பறம்," என்றாள் செல்வி.

"பிளேஸ்டேஷன் உள்ள பாத்தீங்களா?"

"கரண்ட் போட்டு செல்விய பட்டன அமுக்கச் சொல்லிப் பாத்துட்டேன். ஒண்ணும் வெளிய வரல," என்றான் தேவநாதன். அதுதான் அவனுக்கும் முதலில் தோன்றியிருக்கிறது.

காலை 8.45.

ஜான்சி ஷட்டரைப் பார்த்தாள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. பின்சுவரில் ஜன்னலே இல்லை. இரண்டாயிரம் ரூபாய் டிஸ்க்கை எடுத்தவன், பக்கத்திலேயே இருந்த நாற்பதாயிரம் ரூபாய் பிளேஸ்டேஷனைத் தொடவில்லை. அது இல்லாமல் அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு ஒரு பொம்மைகூடப் பார்க்க முடியாது. அப்படியென்றால் பொருளுக்கு ஆசைப்பட்டவன் எடுக்கவில்லை.

பிறகு அலமாரி. பெட்டிகள் வரிசையாக நின்றன. சந்தனமும் குங்குமமும் எல்லாவற்றுக்கும் முகப்பில், நட்ட நடுவில். காலியான நீலப் பெட்டியை மட்டும் திருப்பிப் பார்த்தாள். அதற்குப் பொட்டு முகப்பில் இல்லை. பக்கவாட்டு விளிம்பில், மூடியில் பாதி வட்டம், அடியில் பாதி வட்டம். மூடிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின.

காலை 9.05.

மாடியில் வீடு. செல்வி சுண்டல் கொண்டுவந்தாள். சாமி படத்தின் அடியில் அவளுடைய அஞ்சல்வழி பி.எட். புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மேலே மஞ்சள் துணி, வாடிய சாமந்தி. ஜான்சி குனிந்தாள்.

"அத தொடாதடி. மறுபூசை இன்னும் ஆவல. நேத்து எட்டு மணிக்கு இங்க பூசை முடிஞ்சதுலேருந்து நானே கிட்ட போவல."

"புத்தகத்த எப்ப அடுக்கின?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கே. ஏண்டி?"

"கற்பூரம் எங்க இருந்துச்சி?"

"இங்கதான். சாமி படத்தாண்ட."

ஜான்சி சுண்டலைக் கீழே வைத்தாள். "சூடம் கொளுத்து செல்வி. மறுபூசைய இப்பவே முடிச்சிடலாம். எல்லாரையும் மேல கூப்புடு."

காலை 9.30.

கற்பூரம் அணைந்தது. கீழே பையன்கள் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. தேவநாதன் வாசற்படியிலேயே நின்றான், கிளம்பத் தயாராக.

"ராத்திரி திருட்டே நடக்கல," என்றாள் ஜான்சி. "பெட்டியத் தொறந்தப்ப காஞ்ச சந்தனம் மேசைல உதிர்ந்தத நான் பாத்தேன். பொட்டு மூடியும் அடியும் சேர்ற எடத்துல இருந்துச்சி. நடுவுல யாராவது தொறந்திருந்தா அப்பவே ஒடைஞ்சி உதிர்ந்திருக்கும். ஈரமா இருந்தப்ப தொறந்திருந்தா இழுவிக்கினு போயிருக்கும். அதுனால பொட்டு வெக்கறப்பவே பெட்டி காலி. சாவி தேவா அண்ணன் கைல இருந்தா என்ன, நடராஜர் கைல இருந்தா என்ன."

தேவநாதனின் தோள் சற்று இறங்கியது.

"பொட்டு வெக்கிற வரைக்கும் பெட்டி யாரு கைய விட்டு எறங்கல?"

செல்வி திரும்பித் தன் கணவனைப் பார்த்தாள்.

"பூசப் பொட்ட மறுநாள் வரைக்கும் யாரும் கலைக்க மாட்டாங்க. அந்தத் தைரியத்துல மூடி வாய்ல வெச்சி சீல் அடிச்சிட்டீங்க. மத்த எதுக்குமே அப்பிடி வெக்கலியே, பொன்னுரங்கம் அண்ணே. சரசுவதிக்கு வெச்ச புஸ்தகத்தயும் யாரும் தொடமாட்டாங்க. கற்பூரம் எடுக்க வந்தப்ப டிஸ்க்க அதுல சொருவிட்டீங்க. செல்வி, இப்ப தொடலாம். எடு."

மூன்றாவது புத்தகத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில், ஒரு கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றியிருந்தது டிஸ்க்.

தேவநாதன் உள்ளே வந்தான். "உன்னுத நீயே ஒளிச்சிகினியா? ஏன் மாப்ள? என்ன திருடனாக்கவா?"

"சாவி உங்கிட்ட இருக்கறது எனக்குத் தோணவே இல்ல மச்சான்." பொன்னுரங்கத்தின் குரல் உடைந்தது. "வியாழக்கெழம நீ கடலூர் போனப்ப ரெண்டு டிஸ்க்கையும் போட்டுப் பாத்தேன். ரெண்டும் ஒரே தெளிவுதான். ஆனா பசங்க படத்தப் பாத்து கை தூக்கப் போறதில்ல. நேத்தே பேசி வெச்சிட்டானுங்க. கேம் பெட்டிக்குள்ளயே நீலம் இருக்குது, செவப்புக்குத் தனியா இன்னொண்ணு வாங்கணும், அதுனால நீலந்தான்னு. நீ தோக்கப் போற. தோத்தா போயிடுவ. ரோஷக்காரன் நீ. போட்டி நின்னா நீயும் நின்னுடுவன்னு நெனச்சேன். நீ இல்லாத கடைல நான் யார்கூட சண்ட போடறது?"

செல்வி அழுதேவிட்டாள். தேவநாதன் டிஸ்க்கை வாங்கினான். ஆறு மாதமாக நீலத்தைத் தொடாதவன், இரண்டு விளிம்பிலும் விரல் வைத்துப் பக்குவமாகப் பிடித்தான்.

"கூறு கெட்டவன்டா நீ," என்றான். "வா, பத்தாவப் போவுது. ரெண்டையும் போடுவோம். எவனும் கை தூக்கக் கூடாது, கம்முனு பாத்துட்டு போவட்டும்."

கீழே இறங்கியதும், கடை மேசைமேல் இருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டவன் அவனேதான்.

அடுத்த பிப்ரவரியில் சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்த கம்பெனியே தோற்றுவிட்டோம் என்று கைவிட்டது. எச்.டி. டிவிடிக்கு அதன்பிறகு புதுப் படம் வருவது நின்றுபோனது. எக்ஸ்பாக்ஸ் மட்டும் தன் விளையாட்டுகளோடு பிழைத்துக்கொண்டது. பொன்னுரங்கம் அந்தச் செய்தியைப் பற்றி மச்சானிடம் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை என்று செல்வி போனில் சொன்னாள்.

2008 ஆயுத பூஜை. மாலை 7.00. இந்தமுறை ஜான்சி முதல்நாளே வந்துவிட்டாள். எக்ஸ்பாக்ஸில் மாட்ட தேவநாதன் வாங்கிய, இப்போது எதற்கும் உதவாத அந்த எச்.டி. டிவிடி டிரைவ் அலமாரியில் துடைத்து வைத்தபடியே இருந்தது. பொன்னுரங்கம் சந்தனக் கிண்ணத்தோடு நேராக அதனிடம் போனான். முதல் பொட்டு அதற்குத்தான்.

தேவநாதன் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நடுவுல வைய்யி மாப்ள. ஓரத்துல வெச்சா ஜான்சி கேள்வி கேக்கும்."