ஐந்தாவது வீட்டின் பெரணி

அடுப்பில் வெந்நீர் கொதிப்பதற்குள் பெரணியின் இலைகளைத் திருப்பிப் பார்த்துவிடுவது ஜெசிந்தாவின் வழக்கம். கொல்லைச் சுவரோரம், மரநிழலில், ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் காட்டுப் பெரணி அது. இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கிள்ளிக் கொதிநீரில் போட்டுவிடுவாள். நோய் என்று மகள் இவாவிடம் சொல்லியிருந்தாள். நோயில்லை. அது வித்து.

மலைக்காடுகள் அழிந்தபின் வந்த சட்டம் இது. நிழல்குடிகளாகப் பதிந்த குடும்பங்களுக்கு வனத்துறை மொட்டைச் சரிவில் ஒரு வீடு தரும். மூன்றே ஆண்டில் கூரையைத் தொடும் துரிதமரங்களை அவர்கள் வளர்க்க வேண்டும். அந்த நிழலில் மண்ணுக்குரிய பெரணியைப் பிழைக்கவைக்க வேண்டும். பெரணி தானாகக் கன்று விட்டால் அந்த இடம் காடாகிவிட்டது என்று பொருள். குடும்பம் அடுத்த சரிவுக்குப் போகும். அதன்பின் மனிதக் கால் அங்கே படக்கூடாது.

ஜெசிந்தா இப்படி நான்கு வீடுகளைக் காட்டுக்குக் கொடுத்தவள். நான்காவதின் முற்றத்தில் கணவன் சவரியின் கல்லறையையும் விட்டுவந்தாள். இந்த ஐந்தாவது வீட்டில்தான் கண்ணை மூடினாலும் அவள் கை உப்பு டப்பாவைத் தொடுகிறது. ஆறு வருடங்களாகக் கிள்ளிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் எந்த வேலையிலும் மனம் நிலைகொள்வதில்லை. ஓர் இலையைத் தவறவிட்டுவிட்டோமோ என்று மறுபடி மறுபடி கொல்லைக்கு ஓடினாள்.

அன்று துறையிலிருந்து ஆய்வுக்குத் தில்லை வந்தாள். குனிந்து பெரணியைப் பார்த்தாள்.

"ஆறு வருஷமா ஒரு கன்றுகூட இல்லையேக்கா."

மண் சரியில்லை என்றாள் ஜெசிந்தா. போன தடவையும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

"இங்க வந்து பாருங்க," என்றாள் இவா, தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து.

ஈரக் கல்லின் மேல் நகக்கண் அளவில், இதய வடிவத்தில், பச்சைத் துணுக்குகள் ஒட்டிக்கிடந்தன. சிலவற்றிலிருந்து நூல்போலப் பெரணியின் முதல் இலை எழும்பியிருந்தது. ஜெசிந்தா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே வந்து இலையை இங்க தட்டிவிட்டேம்மா. வித்துன்னு எனக்குத் தெரியாதா?"

"ஏண்டி? இந்த வீடு உனக்குப் புடிக்கலையா?"

பதினான்கு வயது இவாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"புடிக்குமே. ஆனா வீடுன்னா விட்டுட்டுப் போறதுக்குத்தானேம்மா?"

தில்லை கைப்பலகையை நீட்டினாள். வீட்டைக் காட்டுக்கு விட்டுக்கொடுக்க ஜெசிந்தா அதில் கட்டைவிரலை வைக்க வேண்டும். அடுத்த சரிவு எந்தப் பக்கம், அங்கிருந்து கடல் தெரியுமா என்று இவா அதற்குள் கேட்கத் தொடங்கியிருந்தாள், வீட்டின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பாமல்.