பட்டாணியின் பதினெட்டு வீடுகள்

பதினேழாவது வீட்டிலிருந்து பட்டாணி திரும்பி வந்தபோது, அது நாய்க் காப்பகத்து மேசையை விட்டு ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்கவில்லை.

வினோதா அதன் காதடியில் இருந்த கொக்கியை விடுவித்து, தலையிலிருந்த ஒத்திகைக் கவசத்தைக் கழற்றினாள். நாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் தங்கள் வீட்டின் வாசனை, குரல்கள், காலடி ஓசை எல்லாவற்றையும் பதிவு செய்து அனுப்புவார்கள். கவசம் அவற்றை நாயின் மூளைக்குள் ஒரு வாழ்க்கையாக விரிக்கும். நமக்குக் கால் மணி நேரம், நாய்க்கு ஓராண்டு. முடிவில் அதன் அச்சம் எவ்வளவு தணிந்தது என்று அளந்து மதிப்பெண் போடும். தொண்ணூறுக்குக் குறைந்தால் அந்த வீட்டுக்கு நாயைத் தரக்கூடாது என்பது சட்டம். அது வந்தபின், தத்துப்போன நாய்கள் கோவையில் திரும்பி வருவதே நின்றுபோயிருந்தது.

திரையில் முப்பத்தொன்று என்று வந்தது.

"முதல் வீட்டுக்கு எழுபத்தெட்டுண்ணா. போகப் போக இறங்குது. நான்தான் எதையோ தப்பா மாட்டுறேனோ?"

காப்பகப் பொறுப்பாளர் அந்தோணி டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார். "மழை பெஞ்சாலும் உன் தப்புதாம்மா உனக்கு. அது கூச்ச சுபாவம். இன்னும் ரெண்டு வீடு போட்டுப் பாரு. பொண்ணு பார்க்கிற மாதிரிதான், அமையறப்ப அமையும்."

"இந்த மாசத்துக்குள்ள அமையலைன்னா?"

அவர் டம்ளரை மேசையில் வைத்தார். வீடு அமையாத நாய்களுக்கு மாதக் கடைசியில் கருணைக்கொலை ஊசி.

வினோதா தான் கை கழுவும் சோப்பை மாற்றிப் பார்த்தாள். வாரை ஒரு துளை தளர்த்தினாள். குளிர்ந்த கவசத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி மாட்டினாள். வந்த புதிதில் அவள் கையை முகர்ந்துகொண்டிருந்த பட்டாணி, இப்போது அவளைக் கண்டாலே மூலைக்குப் போய் ஒண்டியது. அதையும் தன் குறைகளோடு சேர்த்துக்கொண்டாள்.

பதினெட்டாவது வீடு வடவள்ளியில், குமரகுரு, சாந்தாமணி தம்பதியுடையது. அன்று பட்டாணி உதறவில்லை, நடுங்கவில்லை. தொண்ணூற்றாறு.

"பார்த்தியா!" என்று அந்தோணி மேசையைத் தட்டினார். வினோதா அழுதுவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, விதிப்படி பார்த்துவரப் போனாள்.

"வாங்க கண்ணு. தங்கமான நாயிங்க," என்றார் சாந்தாமணி. "குரைக்காது, கடிக்காது. வான்னா வரும், போன்னா போகும்."

"இந்த வீட்டுல சொன்ன பேச்சு கேக்கற ஒரே ஆளு அதுதானுங்க," என்றார் குமரகுரு.

"அப்ப நீங்க?"

"நான் கேக்கற மாதிரி இருக்கறவன்."

அவர்கள் வாங்கிவந்த பந்து அட்டைகூடப் பிரிக்காமல் கிடந்தது. மெத்தையில் ஒரு ரோமம் இல்லை. கேட்டருகே வெறுந்தரையில் படுத்திருந்த பட்டாணி, வினோதாவைக் கண்டதும் ஒளியவில்லை. எழுந்து நேராக வந்து, கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, காதின் அடிப்பகுதியைக் காட்டியபடி அசையாமல் நின்றது.

"இதேதான்!" என்றார் சாந்தாமணி. "பொழுது சாஞ்சா எங்ககிட்டயும் வந்து இப்படித்தான் காதைக் காட்டும். கொஞ்சச் சொல்லுதுங்க."

வினோதாவின் விரல்கள் அவளைக் கேளாமலே அங்கே கவசத்தின் கொக்கியைத் தேடின. ரோமம்தான் இருந்தது.

பட்டாணியை முதலில் வளர்த்துத் தெருவில் விட்டவன் யாரோ ஒருவன், ஒரே முறை. ஓராண்டு வாழ்ந்து பழகிய வீட்டை ஒரே நொடியில் பிடுங்கியவை இந்த விரல்கள், பதினெட்டு முறை. நம்புவதை அது நிறுத்திய அன்றுதான் அச்சமும் போயிருக்கிறது. கருவி அதற்குத் தொண்ணூற்றாறு போட்டிருக்கிறது. இப்போது பட்டாணி இந்த நிஜ வீட்டையும் ஒத்திகை என்றே எண்ணி, கழற்றிவிடச் சொல்லிக் கேட்கிறது.

சொல்லிவிடலாமா? சொன்னால் இவர்கள் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி அதே மேசை.

"ஏன் கண்ணு, கொஞ்சத்தானே கேக்குது?"

"ஆமாங்கம்மா," என்றாள் வினோதா. "ரொம்பப் பிரியமா இருந்தா இப்படித்தான் செய்யும்."

சாந்தாமணி பூரித்துப்போய்க் குனிந்து காதைச் சொறிந்துவிட்டார். பட்டாணி கழுத்தைச் சாய்த்தபடியே காத்திருந்தது.